மலையேறும் சுமைகள்: நீலகிரிக்குப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்துக்குப் பொதுப்போக்குவரத்தில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும், மிதிவண்டியோடு மலையேற விரும்பும் இளைஞர்களுக்கும்,



சொந்தக் காரையும் வாடகை வேனையும் தவிர்த்து, உதகைக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருவதெனத் தீர்மானிக்கும் ஒவ்வொரு பயணியும் இம்மலைக்கு நன்மை செய்கிறார் என்பதை இம்மடல் முதலிலேயே நன்றியோடு பதிவு செய்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ், அதாவது இணையவழியில் முன்கூட்டியே பெறவேண்டிய அனுமதிச்சீட்டு, கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் அதற்கும் மேலாக, வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதி நாள்களில் 8,000 வாகனங்கள் என்னும் நாள்வரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு இந்த அனுமதிச்சீட்டு தேவையில்லை என்பதால் இவ்விரண்டையும் நாடுவோர் தொகை கூடுவது இயல்பு. அவ்வாறு வருவோர் தம் பெட்டி, பை, மிதிவண்டி ஆகியவற்றை மலைப்பயணத்தில் எவ்வாறு கையாள வேண்டும் என்பதே இம்மடலின் பொருள்.

காரில் வரும் குடும்பம் எத்தனை பெட்டிகளைக் கொண்டுவந்தாலும் அவை அக்குடும்பத்தின் இடத்தையே அடைக்கின்றன. பேருந்திலும் மலை ரயிலிலும் ஒருவர் வைக்கும் பெட்டியோ இன்னொருவர் நிற்கவேண்டிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு வண்டி நிறைந்தால் சற்று நேரத்தில் அடுத்தது வந்துவிடும் சமவெளி நகரங்களில் இந்த வேறுபாடு பெரிதாக உறுத்துவதில்லை. நீலகிரியிலோ, ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களுக்கும், லைன் வீடுகள் எனப்படும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் செல்லும் பேருந்துகள் பல, நாளொன்றுக்குச் சில நடைகளே இயங்குபவை. அவற்றில் ஏற முடியாமல் போனவர் மழையிலும் பனியிலும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது அந்திக்குப் பின் யானையும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் நடந்தே வீடு சேர வேண்டும். ஆகவே மலைப்பேருந்தில் ஏற்றப்படும் ஒவ்வொரு சுமையும் பொது இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அறத்துக்கு உட்பட்டது என்பதே இம்மடல் முன்வைக்கும் கருத்து. இதில் கூறப்படும் நடைமுறைகள் அனைத்தும் அக்கருத்திலிருந்தே பிறக்கின்றன.

நீலகிரியின் நவீன வரலாறே ஒருவகையில் சுமையை மேலேற்றிய வரலாறாகும். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலைமேல் வந்து, பின்னர் உதகையை நிறுவிய காலத்தில், ஆங்கிலேயரின் மேசையும் நாற்காலியும் துணிப்பெட்டியும் கூலியாள்களின் தலையிலும் தோளிலும் ஏறியே மலைக்கு வந்தன. கோத்தகிரி வழியாகவும் பின்னர் குன்னூர் வழியாகவும் பாதைகள் அமைந்தபின் பொதிமாடுகளும் மாட்டுவண்டிகளும், மனிதரை ஏற்றிச் செல்லக் குதிரைகள் பூட்டிய டோங்கா என்னும் இருசக்கர வண்டிகளும் வந்தன. 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ரயில் பாதை வந்தபோதும் மலையடிவாரத்தில் சுமையை இறக்கி வேறு வண்டியில் ஏற்றும் நிலை நீடித்தது. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான மலை ரயில் பாதை 1899-இலும், அதன் உதகை நீட்சி 1908-இலும் திறக்கப்பட்ட பிறகே சுமை மனிதத் தோளிலிருந்து ஓரளவு இறங்கியது.

எளியவர்களின் சுமைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, தகரப்பெட்டியும் துணிமூட்டையுமாக நீலகிரிக்கு வந்தன. அவர்களின் மறுவாழ்வுக்காக 1968-இல் தொடங்கப்பெற்று 1976-இல் நிறுவனமாக்கப்பட்ட டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், இன்றும் கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் இயங்குகிறது. இன்று சுற்றுலாப் பயணியின் அருகில் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க இடம் தேடும் தோட்டத் தொழிலாளி, தம் வாழ்வின் உடைமை முழுவதையும் ஒரே மூட்டையில் கட்டிவந்த ஒரு குடும்பத்தின் வழித்தோன்றலாக இருக்கக்கூடும் என்பதைப் பயணிகள் மனத்தில் கொள்ளவேண்டும்.

மலை ரயிலைப் பொறுத்தவரை, அதன் அமைப்பை அறிந்துகொண்டால் சுமையின் வரம்பு தானே விளங்கும். சென்னையிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி விரைவு ரயில் 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள அகலப்பாதையில் மேட்டுப்பாளையம் வந்து நிற்கிறது. அங்கிருந்து உதகை வரையிலான ஏறத்தாழ 46 கிலோமீட்டர் பாதை 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதை. இரு பாதைகளின் அகலம் வேறாக இருப்பதால் பெட்டிகள் தொடர்ந்து செல்ல முடியாது. அதிகாலைத் தூக்கக் கலக்கத்தில், குறுகிய இடைவெளிக்குள், ஒவ்வொரு பயணியும் தம் சுமையைத் தாமே தூக்கிக்கொண்டு ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாறியாக வேண்டும். கல்லாறு முதல் குன்னூர் வரை, 12 அடி முன்னேறினால் 1 அடி உயரும் செங்குத்தில், ஆப்ட் முறை எனப்படும் பல்சக்கர ஏற்பாடு பயன்படுகிறது: தண்டவாளங்களுக்கு நடுவே பதிக்கப்பட்ட இரட்டைப் பற்பட்டைகளை எஞ்சினின் பல்சக்கரங்கள் கவ்விக்கொள்ள, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. 208 வளைவுகளையும் 16 குகைகளையும் 250 பாலங்களையும் கடந்து, 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறும் இந்த வண்டியின் வேகம், பல்சக்கரப் பகுதியில் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மட்டுமே. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவ்வண்டியின் பெட்டிகள் சிறியவை. எதிரெதிர் இருக்கைகளுக்கு இடையே முழங்கால்களுக்கே இடம் குறைவு. இங்கே ஒரு பெரிய உருளைப்பெட்டியை நடுவில் நிறுத்துவோர், ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்கு நான்கைந்து பேரின் கால்களைக் கட்டிப்போடுகிறார்கள்.

அகலப்பாதை ரயிலில் சுமைக்கான விதிகள் தெளிவாக உள்ளன. அவற்றைப் பலர் அறிவதில்லை. கட்டணமின்றி உடன்கொண்டு செல்லும் எடை, குளிர்சாதன முதல் வகுப்பில் 70 கிலோ, குளிர்சாதன இரண்டடுக்கில் 50 கிலோ, குளிர்சாதன மூன்றடுக்கிலும் படுக்கை வசதிப் பெட்டியிலும் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ என வகுக்கப்பட்டுள்ளது. பெட்டிக்குள் எடுத்துச் செல்லும் சுமையின் அளவு பொதுவாக 100 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம் ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. மிகுதி எடையை முன்கூட்டியே பதிவு செய்தால் வழக்கமான லக்கேஜ் கட்டணத்தின் ஒன்றரை மடங்கும், பதிவு செய்யாமல் பிடிபட்டால் ஆறு மடங்கும் செலுத்த நேரும். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 100-ஆம் பிரிவின்படி, பதிவு செய்து ரசீது பெறாத சுமை தொலைந்தால் ரயில்வே நிர்வாகம் பொறுப்பேற்காது. பயணி தம் பொறுப்பில் வைத்திருக்கும் சுமைக்கோ, நிர்வாகத்தின் கவனக்குறைவால்தான் இழப்பு நேர்ந்தது என மெய்ப்பித்தால் மட்டுமே இழப்பீடு கிடைக்கும். ஆகவே விலையுயர்ந்த பொருள்களைச் சிறு கைப்பையில் உடலோடு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

சில பொருள்களைச் சுமையாகக் கொள்வதே குற்றம். சுற்றுலா இடத்தில் சமைத்து உண்ணலாம் என்னும் எண்ணத்தில் சமையல் எரிவாயு உருளை, மண்ணெண்ணெய் அடுப்பு, பெட்ரோல் ஆகியவற்றை மூட்டைக்குள் மறைத்து வருவோர் இன்றும் உள்ளனர். ரயிலில் இவற்றைக் கொண்டுசெல்வதை ரயில்வே சட்டத்தின் 67-ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறுவோருக்கு 164-ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியொன்றில், விதிமீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் மூண்ட தீயில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்து நிற்கும் புல்வெளியும் காடும் சூழ்ந்த நீலகிரியில் இத்தகைய சுமை, அதைக் கொண்டுவருபவரோடு முடியாத பேரழிவுக்கு வித்தாகும்.

பேருந்தில் நிலைமை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கொண்டை ஊசி வளைவு என்பது சாலை ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பி எதிர்த்திசையில் மேலேறும் வளைவு. அங்கே பேருந்து திரும்பும்போது வண்டிக்குள் கட்டப்படாத ஒவ்வொரு பொருளும் வளைவின் வெளிப்புறத்தை நோக்கி நகர முனைகிறது. தலைக்குமேல் உள்ள தட்டில் வைத்த கனமான பை கீழே அமர்ந்திருப்பவர் மீது விழுகிறது. நடைபாதையில் நிறுத்திய உருளைப்பெட்டி, சக்கரம் இருப்பதாலேயே, நிற்பவரின் கால்மேல் ஓடுகிறது. எடை எவ்வளவு உயரத்தில் ஏற்றப்படுகிறதோ அவ்வளவுக்கு வண்டியின் ஈர்ப்புமையமும் உயர்ந்து வளைவில் சாய்வு கூடும் என்பதால், கனமான சுமை எப்போதும் தாழ்வாக, தரையை ஒட்டியே இருக்கவேண்டும். இதிலிருந்து எளிய விதியொன்று கிடைக்கிறது: மெத்தென்ற சிறு பைகள் மேல்தட்டுக்கும், கனமானவை இருக்கையின் அடிக்கோ பேருந்தின் டிக்கிக்கோ, உடையக்கூடியவை மடிக்கும் உரியவை, படிக்கட்டு, நடைபாதை, அவசரகால வழி ஆகிய மூன்றும் எந்தச் சுமைக்கும் உரியவையல்ல.

இப்பேருந்துகளில் ஏறும் உள்ளூர் மக்கள் யாவர் என்பதும் அறியத்தக்கது. மேட்டுப்பாளையம் சந்தைக்கு லாரியில் செல்லும் கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் கண்ணில் படுகின்றன. ஆனால் கால் ஏக்கர், அரை ஏக்கர் நிலம் வைத்திருப்போர் விதைக்கிழங்கையும் உரத்தையும் அறுவடையில் ஒரு சாக்கையும் பேருந்திலேயே கொண்டுசெல்கின்றனர். தோட்டத் தொழிலாளர் ஓய்வுநாளில் நகரத்துக்கு வந்து வாரத்துக்குரிய அரிசியையும் காய்கறியையும் வாங்கிச் செல்கின்றனர். பள்ளி மாணவர் புத்தகப்பையோடும், நோயாளிகள் உதகை, குன்னூர் மருத்துவமனைகளுக்கும் அதே வண்டியில்தான் செல்கின்றனர். 2021-இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத் திட்டமான விடியல் பயணம், 2024-இல் உதகை உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டபின், தொழிலாளப் பெண்களுக்கு இப்பேருந்துகளின் மதிப்பு மேலும் உயர்ந்துள்ளது. அவர்களின் சாக்குமூட்டைக்கு நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கிழிக்கும்போது எவரும் வியப்பதில்லை. சுற்றுலாப் பயணியின் பளபளப்பான பெட்டிக்கும் அதே சீட்டைக் கேட்டு வாங்குவது நேர்மை. நடத்துநர் கேட்காமல் விட்டாலும் பயணியே கேட்டுப் பெறுவது அதனினும் சிறந்தது.

வெளியூர்ப் பயணிகள் பின்பற்றத்தக்க வேறு சில நடைமுறைகளும் உண்டு. மலையடிவாரத்துக்குச் சமவெளியிலிருந்து காலை ஏழு மணிக்கு முன் வந்துசேரும் வகையில் பயணத்தை அமைத்துக்கொண்டு, பள்ளி, அலுவலக நேரங்களில் ஊர்ப் பேருந்துகளில் பெரிய சுமையோடு ஏறுவதைத் தவிர்க்கலாம். ஒரே ஊரில் தங்குமிடத்தை வைத்துக்கொண்டு, பெரிய பையை அறையிலேயே விட்டு, தொட்டபெட்டாவுக்கும் கேத்திக்கும் கோடநாட்டுக்கும் சிறு தோள்பையோடு சென்றுவரலாம். தடித்த கம்பளிச் சட்டையைப் பெட்டியில் திணிக்காமல் உடலில் அணிந்தே வந்தால் பையின் பருமன் பெருமளவு குறையும். போதாதெனில் உதகையின் திபெத்தியச் சந்தையில் வாங்கிக்கொள்ளவும் முடியும். கூடலூர், நடுவட்டம் பகுதிகளில் சூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மழை மிகும் என்பதால் பைக்கு மழையுறை இன்றியமையாதது. வடகிழக்குப் பருவத்தில் மண்சரிவால் மலை ரயில் நிறுத்தப்படுவதும், பயணிகள் சுமையோடு பேருந்துக்கு மாறுவதும் அடிக்கடி நிகழ்பவை. 2009 நவம்பரின் பெருஞ்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இம்மலை மறக்கவில்லை. ஆகவே எந்தச் சுமையைத் தாமே ஒரு கிலோமீட்டர் தூக்கி நடக்க முடியுமோ அதுவே மலைப்பயணத்துக்குரிய சுமை எனக் கொள்வது பாதுகாப்பானது.

உணவுப் பொருளும் திரும்பும்போது வாங்கும் பொருளும் தனிக்கவனம் வேண்டுபவை. பர்லியாரிலும், மலை ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவிலும் குரங்குகள் பயணிகளின் கைப்பையைப் பறிப்பது பழகிப்போன காட்சி. அவற்றுக்குத் தின்பண்டம் வீசுவோரே அப்பழக்கத்துக்குக் காரணர் என்பதால், உணவை மூடிய பாத்திரத்தில், பைக்குள் வைத்திருப்பது பயணிக்கும் விலங்குக்கும் நன்மை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கும் சிறு நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்கும் மாவட்டத்தில் தடை உள்ளதால் எவர்சில்வர் புட்டியே உடன்வர வேண்டும். சோதனைச்சாவடியில் பறிக்கப்படும் புட்டி வீண்செலவு, காட்டில் எறியப்படும் புட்டியோ யானையின் வயிற்றுக்குள் சென்று முடிவது. திரும்பும்போது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி நொறுங்கும் தன்மையது ஆதலால் பையின் மேற்பகுதியிலும், தேயிலைப் பொட்டலம் மணத்தை ஈர்க்கும் தன்மையது ஆதலால் தைலத்திலிருந்து விலக்கியும் வைக்கப்பட வேண்டும். நீலகிரித் தைலம் எளிதில் தீப்பற்றும் நீர்மம். அதன் கண்ணாடிப் புட்டியை மூடி இறுக்கி, துணியில் சுற்றி, நிமிர்ந்த நிலையில் சிறிதளவே எடுத்துச் செல்வது தக்கது.

இனி மிதிவண்டி. பெங்களூரிலிருந்து 2008-இல் தொடங்கப்பெற்ற டூர் ஆஃப் நீல்கிரிஸ் என்னும் நெடும்பயணம், மிதிவண்டி ஆர்வலர்களிடையே இம்மலையின் பெயரைப் பரப்பியது. அதன்பின் தனியாகவும் நண்பர் குழுவாகவும் மிதிவண்டியோடு வருவோர் தொடர்ந்து காணப்படுகின்றனர். ரயிலில் மிதிவண்டிக்குக் கட்டணமில்லா எடைவரம்பு கிடையாது; அதைப் பயணிகள் பெட்டிக்குள் கொண்டுசெல்லவும் கூடாது. இரு வழிகள் உள்ளன: தம் பயணச்சீட்டைக் காட்டி, தாம் செல்லும் அதே வண்டியின் பிரேக் வேனில், அதாவது கார்டின் அறையை ஒட்டிய சரக்கறையில், ஏற்றும் லக்கேஜ் பதிவு ஒன்று, தாம் உடன்செல்லாமலே அனுப்பும் பார்சல் பதிவு மற்றொன்று. முதல் வழியிலும் சரக்கறையில் இடமிருந்தால்தான் அதே வண்டியில் ஏற்றுவர் என்பதால், புறப்படும் நேரத்துக்குப் பல மணி நேரம் முன்னரே நிலையத்தின் லக்கேஜ் அலுவலகத்தை அணுகவேண்டும். பெயர், அலைபேசி எண், புறப்படும் நிலையம், சேரும் நிலையம் ஆகியவை எழுதிய அட்டையை இரு இடங்களில் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்; வண்டியின் மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்தாவிடில், சேதத்துக்கான இழப்பீடு எடைக்கணக்கின் வரம்புக்குள்ளேயே அமையும். இடைநிலையங்களில் வண்டி நிற்கும் ஓரிரு நிமிடத்துக்குள் மிதிவண்டியை இறக்குவது பெரும்பாடு. நீலகிரி விரைவு ரயில் மேட்டுப்பாளையத்திலேயே முடிவுறுவதால் அங்கே அந்த அவசரம் இல்லை என்பது மிதிவண்டியோடு வருவோருக்கு ஒரு நல்வாய்ப்பு.

ஏற்றுவதற்குமுன் வண்டியைக் கட்டும் முறையில் சில நுட்பங்கள் உள்ளன. முன்சக்கரத்தைக் கழற்றிச் சட்டகத்தின் பக்கவாட்டில் கட்டி, கைப்பிடியைத் திருப்பி, பெடல்களை அகற்றினால் வண்டியின் அகலம் பாதியாகக் குறையும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது என்பதை அறியாமல் முரட்டுத்தனமாகத் திருகி மரையைக் கெடுப்போர் பலர். ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்போது அதைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரு பெடல்களும் கழலும் என நினைவில் கொள்வது போதும். முன்சக்கரம் நீங்கிய ஃபோர்க்கின் இரு கால்களும் நசுங்காமலிருக்க நடுவே ஒரு மரக்கட்டையையும், டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் இரு பிரேக் கட்டைகளுக்கு இடையே ஒரு கெட்டி அட்டைத் துண்டையும் செருகவேண்டும். இல்லையெனில் தவறுதலாகப் பிரேக்கை அழுத்தும்போது கட்டைகள் ஒட்டிக்கொண்டு சக்கரம் உள்ளே நுழையாது. பின்புறக் கியர் மாற்றியை உட்பக்கம் ஒதுங்கும்படி பெரிய பற்சக்கரத்துக்கு நகர்த்தி, சங்கிலியைப் பழந்துணியால் சுற்றி, முழுவண்டியையும் சாக்குத் துணியாலோ அட்டைப்பெட்டியாலோ பொதிய வேண்டும். உயரம் ஏறும்போது டயர் வெடித்துவிடும் என்னும் அச்சத்தில் காற்றை முழுவதும் இறக்கிவிடுவோரும் உண்டு. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே வளியழுத்தம் குறைவதால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ, அதாவது அழுத்தத்தை அளக்க டயர்க் கடைகளில் வழங்கும் அலகில் மூன்று, மட்டுமே கூடும்; மலைக்குளிரில் காற்று சுருங்குவதால் அவ்வளவும் ஏறக்குறைய ஈடாகிவிடும். எனவே அந்த அச்சத்துக்கு இடமில்லை. காற்றில்லாத டயரை உருட்டிச் சக்கர வளையத்தைக் கெடுத்துக்கொள்வதே உண்மையான இழப்பு.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே செல்லும் ஏறத்தாழ 50 கிலோமீட்டரை மிதித்தே ஏற விரும்புவோர், தம் பெரிய பையை மிதிவண்டியின்மேல் உயரக் கட்டாமல், பின்சக்கரத்தின் இருபுறமும் தாழத் தொங்கும் பைகளில் சமமாகப் பிரித்து வைக்கவேண்டும். இறக்கத்தில் மிகையான எடை பிரேக்கைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்யும். கோடைப் பருவத்தில் குன்னூர்ப் பாதை ஏறுவதற்கும் கோத்தகிரிப் பாதை இறங்குவதற்குமென ஒருவழியாக்கப்படுவது வழக்கமாதலால், அவ்வேளையில் எதிர்த்திசையில் மிதிப்பது உயிரோடு விளையாடுவதாகும். பேருந்தில் ஏற்ற விரும்புவோர், மடக்கு மிதிவண்டியைப் பையிலிட்டும், ஏனையவற்றைக் கழற்றிக் கட்டியும், கூட்டம் குறைந்த நேரத்தில், தொடக்க நிலையத்தில், பயணிகள் ஏறுவதற்கு முன்பே நடத்துநரிடம் ஒப்புதல் பெறவேண்டும். வழியோர நிறுத்தத்தில் முழு மிதிவண்டியோடு நின்று, நிறைந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி வாதாடுவது முறையன்று. நடத்துநர் மறுத்தால் அம்மறுப்பு பிற பயணிகளின் சார்பில் கூறப்பட்டது எனக் கொள்ளவேண்டும். மலை ரயிலில் மிதிவண்டியை ஏற்ற எண்ணுவோர் மேட்டுப்பாளையம் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டறியாமல் வரவே கூடாது. குழுவாக வருவோருக்குச் சிறு சரக்கு வண்டியொன்றைச் சேர்ந்து வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனமும் பிறருக்கு இடையூறற்ற வழியுமாகும்.

இத்தனை கடமைகளையும் பயணிகள்மேல் சுமத்திவிட்டு நிறுவனங்களின் கடமையைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பேருந்துகள் 1990-களிலேயே முகப்பில் மிதிவண்டித் தாங்கிகளைப் பொருத்தின. சுவிட்சர்லாந்தின் மலையூர்களுக்குச் செல்லும் அஞ்சல் பேருந்துகள் பின்புறத் தாங்கியில் மிதிவண்டிகளை ஏற்றிச் செல்கின்றன. அண்டை மாநிலத்தில் கொச்சி மெட்ரோ 2020 நவம்பர் முதல் மிதிவண்டியோடு பயணிக்க இடமளித்தது. நீலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தின் நீளத்தை முன்னும் பின்னும் கூட்டுவது இடர்தரும் என்பதால் அவ்வமைப்புகளை அப்படியே இங்கு பொருத்த முடியாது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரு நடைகளில், பின்வரிசை இருக்கைகளை நீக்கிச் சுமைக்கும் மிதிவண்டிக்கும் இடம் ஒதுக்குவது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தால் இயலும். அதற்குரிய கட்டணத்தைத் தெளிவாக அறிவித்து, உதகை, குன்னூர், கோத்தகிரிப் பேருந்து நிலையங்களில் பூட்டிய பொருள்காப்பறை அமைப்பதும் இயலும். ரயில்வே நிர்வாகம், மேட்டுப்பாளையத்தில் அகலப்பாதை வண்டியிலிருந்து மலை ரயிலுக்கு மாறும் முதியோரின் சுமையைக் கொண்டுசேர்க்கக் கைவண்டிகளையும் போதிய சுமைதூக்குவோரையும் உறுதிசெய்ய வேண்டும். சுமைதூக்கும் தொழிலாளரோடு பேரம் பேசி அவர் கூலியைக் குறைப்பதைப் பயணிகள் பெருமையாகக் கருதக் கூடாது. ஒருவர் தூக்க முடியாத சுமையை வேறொருவர் தலையில் ஏற்றுவதற்கு உரிய விலை அது.

பயணப் பெருமக்களே, இம்மலைக்கு வாருங்கள். பேருந்திலும் ரயிலிலுமே வாருங்கள். ஒருவருக்கு ஒரு பை என்னும் அளவோடு வாருங்கள். பெரிய சுமைக்குச் சீட்டு வாங்குங்கள், மிதிவண்டியை முறையாகப் பதிவு செய்யுங்கள், நடைபாதையையும் படிக்கட்டையும் காலியாக விடுங்கள், தேயிலைக் கூடையோடும் காய்கறிச் சாக்கோடும் ஏறுபவருக்கு முதலில் இடம் கொடுங்கள். மிதிவண்டிக்கும் சுமைக்கும் தனியிடம் கொண்ட பேருந்து வேண்டும் எனப் போக்குவரத்துக் கழகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுங்கள். விதிகளை மதித்துப் பயணம் செய்வோர் கேட்கும்போது அக்கோரிக்கைக்கு வலிமை கூடும். நீலகிரியில் பொதுப்போக்குவரத்து என்பது இங்கு வாழும் மக்களின் உடைமை. விருந்தினர் அதில் தமக்குரிய இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.